மீன் தட்டில் வந்த ஆலமரம்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற வேலை நின்றது. பாலை வாங்க ஆள் இல்லை. பால் பிடிக்கிற மங்குகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தோம். பாதி மரத்தைச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. சின்ன வயதிலிருந்து மரம் சீவுகிற உளி பிடித்த கை. பால் கொடுத்த மரத்தைச் சாய்க்க மனசு வரவில்லை. ஆனாலும் சாய்த்தேன்.

ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கூப்பிட்டார். துரை பங்களாவில் புல் வெட்ட ஆள் வேண்டுமாம். போனேன்.

வெள்ளைக்காரத் துரை சண்டை வருவதற்கு முன்பே காரில் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது ஜப்பான் துரை. பட்டாளத்து ஆள் இல்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பின ஆள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பேச்சு குறைவு, கைதான் முந்தும். குனிந்து வணங்குவது சரியில்லை என்றால் அறை விழும். முதல் வாரத்தில் இரண்டு வாங்கினேன். மூன்றாவதற்கு இடம் வைக்கவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் செங்கல் தொட்டி ஒன்று. அதன் வெடிப்பில் ஒரு ஆலங்கன்று முளைத்திருந்தது. கன்று என்றாலும் வயசானது. முன்னால் வேலை பார்த்த தோட்டக்காரர்கள் வருஷா வருஷம் வெட்டுவார்கள், அது மறுபடி துளிர்க்கும். அடி என் மணிக்கட்டுத் தடிமன். உயரம் ஒரு சாண்தான். இலையெல்லாம் சுருங்கி, காசு அளவுக்கு இருந்தது. நானும் வெட்டத்தான் பாராங் கத்தியை ஓங்கினேன்.

"ஜாங்கான்!" என்று பின்னாலிருந்து சத்தம். வேண்டாம் என்று மலாயில் சொல்லுகிறார். துரைக்கும் மலாய் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நாங்கள் ஒத்துப்போனோம்.

அந்த மரத்தை அவர் வெளியே எடுக்க மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு செங்கலாக நான் பெயர்த்தேன். அவர் ஒரு மூங்கில் குச்சியால் வேரில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். வெள்ளைக்காரத் துரையம்மா மீன் பரிமாறுகிற எனாமல் தட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. நீளமான வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. ஆணி வைத்து அதில் நாலு ஓட்டை போட்டார். வேரில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தட்டில் பரப்பி, இரண்டு விரல்கடை மண் போட்டார். வெட்டின இடத்தில் பால் சொட்டியது. ஆலும் பால்மரம்தானே. ஒரு மங்கு வைக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

பிறகு டெலிபோன் கம்பியில் இருந்த மெல்லிசுக் கம்பியை எடுத்துக் கிளைகளில் சுற்றி வளைத்தார். துளிர் மேலே போனால் கிள்ளுவார்.

"கெச்சில் பாகுஸ்" என்பார். சின்னதாக இருந்தால்தான் நல்லது.

எனக்கு விளங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் வளராத மரத்தைப் பிடுங்கிப் போடுவோம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னுடையது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. இலையை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மாசத்தில் எனக்கு அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் தெரியும். பெரிய ஆலமரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. பக்கத்தில் குனிந்து பார்த்தாலும் தூரத்தில் நிற்பது போலவே இருக்கும். எனக்கு அது பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். ரயில் பாதை போட. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பார்கள். பேர் வந்தவன் லாரியில் ஏறவேண்டும். லாரி கெமாஸுக்குப் போகும். அங்கிருந்து ரயில். போனவன் யாரும் அதுவரை திரும்பவில்லை.

அம்மா எனக்குக் கல்யாணம் பேசினாள். அப்பா இல்லை. அவள்தான் எல்லாம்.

"கல்யாணம் ஆனவனை விட்டுடுறாங்களாம்டா."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொன்னது பொய். கல்யாணம் ஆனவனையும் எடுத்தார்கள். அது பிறகு தெரிந்தது. பெண் என் மாமன் மகள். என்னைவிட மூன்று வயது சின்னவள். பக்கத்துத் தோட்டம். அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும், ஆனால் பேசியதில்லை.

இரண்டு நாள் லீவு கேட்கக் கிராணியோடு பங்களாவுக்குப் போனேன். கிராணிக்கு ஜப்பான் பாஷை கொஞ்சம் வரும். அவர் சொன்னார். துரை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"அரிசி எடுக்கப் போறாருடா" என்றார் கிராணி. "எனக்கு ரெண்டு டின் குடுத்துடணும். நான்தானே பேசினேன்."

"சரிங்க."

"கருவாடு குடுத்தாலும் பாதி."

"சரிங்க."

துரை வந்தார். இரண்டு கையிலும் அந்த மீன் தட்டு. மரத்தோடு. என் முன்னால் நீட்டினார். நானும் இரண்டு கையால் வாங்கினேன். கிராணி முகத்தைப் பார்க்கணும். துரை ஏதோ சொன்னார், நீளமாக. கிராணி என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கு இனாமாம். உனக்கே உனக்காம். லயத்துப் பக்கம் வந்தா பாப்பாராம். பட்டுப்போச்சுன்னா உன் பேரு சயாம் லிஸ்டுல வந்துடும், ஜாக்கிரதை."

கடைசி வார்த்தை துரை சொன்னதா, அரிசி கிடைக்காத கோபத்தில் கிராணி சேர்த்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பங்களாவிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் முக்கால் மைல். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்னப்பா, பொண்ணு வீட்டுச் சீரா?"

"பச்சப்புள்ளையைத் தூக்கிட்டு வர மாதிரி வர்றான் பாரு!"

அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எதிலும் தமாஷ். "எலையைக் கிள்ளி ரசம் வைக்கலாமாடா? எனக்கு ஒரு கரண்டி எடுத்து வையி."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வேலி ஓரத்துல சீந்த ஆள் இல்லாமக் கெடக்கும் ஆலங்கன்னு. இதைக் குடுக்க ஒரு தொரை, வாங்கிட்டு வர ஒரு மடையன்."

கல்யாணம் நடந்தது. தாலிக்குத் தங்கம் இல்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டினேன். சாப்பாடு மரவள்ளியும் கீரையும். அரிசி ஒரு கைப்பிடி இருந்தது, அட்சதைக்கு. அதையும் விழுந்த பிறகு பொறுக்கி எடுத்துக் கஞ்சி வைத்தார்கள். பெரியவர்கள் வழக்கம்போல வாழ்த்தினார்கள். "ஆல் போல் தழைத்து, அருகு போல் வேரோடி" என்று. மூலையில் மீன் தட்டில் அந்த மரம் இருந்தது. யாரோ அதைப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவளுக்கு மரத்தைப் பிடித்திருந்தது.

"பொம்மை மரமா மாமா இது?"

"நெஜ மரம்தான்."

"ஏன் இப்படி இருக்கு?"

"வளர விடல."

கொட்டாங்கச்சியில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு அதில் தண்ணீர் ஊற்றுவாள், மழை மாதிரி. மரத்தடியில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். "இது மாடு. நெழல்ல படுத்துக் கெடக்குது" என்றாள். மறுநாள் இன்னொரு கல். "இது யாரு?" என்றேன். "இது நீங்க. மாடு மேய்க்காமத் தூங்குறீங்க." அவள் என்னோடு பேசிய முதல் கேலி அதுதான்.

துளிர் வெட்ட என்னிடம் கத்தரி இல்லை. அம்மாவின் பாக்குவெட்டி சும்மாதான் கிடந்தது. வெற்றிலை பாக்கெல்லாம் ஏது அப்போது. அதை எடுத்து வெட்டினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா சீதனமாக் குடுத்ததுடா அது! அதுல போயி அவன் மரத்துக்கு மயிர் வெட்டுறியா?"

என் சம்சாரம் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பாக்குவெட்டியைத் துடைத்து வைத்தேன். மறுவாரம் மறுபடி எடுத்தேன்.

கல்யாணம் ஆகி ஐந்து மாசத்தில் அவளுக்கு முதல் கர்ப்பம் கலைந்தது. நாலு மாசக் கரு. அதற்கு முன்னால் பத்து நாள் குளிர்காய்ச்சல். மருந்து கிடையாது. காய்ச்சலால்தான் போனது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சொன்னார். அவள் ஒரு வாரம் படுத்தாள். எட்டாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். போகாதே என்றேன். "வீட்ல இருந்தா மட்டும்?" என்றாள்.

லயத்துப் பெண்கள் டிரஸர் சொன்னதைக் கேட்கவில்லை. குழாயடியில் வேறு பேச்சு. வளராத மரம் வீட்டுக்குள் இருக்கிறது, வயிற்றில் எப்படி வளரும் என்று. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஆலமரம் மாதிரி தழைக்கணும்னு வாழ்த்துவாங்க ஊர் உலகத்துல. இவன் ஆலமரத்தையே தழைக்க விடாமக் கட்டிப்போட்டுக் கையில குடுத்துவிட்டிருக்கான். கல்யாணத்துக்கு! தூக்கித் தூரப் போடுடா."

"போட்டா என் பேரு லிஸ்டுல வரும்."

"அப்ப திருப்பிக் குடு."

"குடுத்தாலும் அறைவான். வாய மூடும்மா."

அம்மாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா மூடிக்கொண்டாள். ஆனால் என் சம்சாரம் அடுப்படியில் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினாள். மரத்தடியில் இருந்த கற்கள் இரண்டையும் ஒருநாள் காணோம்.

மறுபடி அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு மாசம், மூன்று மாசம். நாலாவது மாசம் பிறந்ததும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவள் நடக்கும்போதுகூடப் பார்த்துப் பார்த்து நடந்தாள். எனக்குக் கிடைக்கிற மரவள்ளியில் பாதியை அவள் தட்டில் தள்ளுவேன். அவள் திருப்பித் தள்ளுவாள். கடைசியில் அம்மா ஒரு அதட்டுப் போடுவாள். அவள் சாப்பிடுவாள்.

ஒரு சாயங்காலம் பங்களாவிலிருந்து திரும்பினேன். மீன் தட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. கழுவி வைத்திருந்தது. மரத்தைக் காணோம்.

"எங்க?" என்றேன்.

"நட்டுட்டேன்."

"எங்க?"

"பின்னால. கால்வா ஓரம்."

போய்ப் பார்த்தேன். முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்திருக்கிறாள், அந்த உடம்போடு. ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் போட்டிருக்கிறாள். வேரைப் பிரித்து நாலு பக்கமும் விட்டிருக்கிறாள். கம்பிகளைப் பிரித்து எடுத்துவிட்டாள். ஒன்று மட்டும் பின்பக்கக் கிளையில் விட்டுப்போயிருந்தது. அதை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீர். அவள் குடிக்க வைத்திருந்த கஞ்சி.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"பட்டினி போட்டா எப்படி மாமா தழைக்கும்? நாமதான் பட்டினி. அதுவுமா?"

விரலில் ஒட்டின கஞ்சியைத் துடைத்தேன்.

"உங்களக் கேட்டா வேணாம்பீங்க."

"ஆமா."

"அதான் கேக்கல."

"தொரை வந்து கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"உனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா ஓடி வந்தாள். மண்ணைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள். "புடுங்குடா! புடுங்கித் தட்டுல வையி!"

"நீதானம்மா தூரப் போடச் சொன்ன?"

"வாய் ஆயிரம் சொல்லும். நீ சயாமுக்குப் போயிட்டா இவ வயித்துல இருக்கிறதுக்கு யாரு?"

அன்றைக்கே பிடுங்கி வைத்தால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் போனால் வேர் மண்ணைப் பிடித்துவிடும், அப்புறம் எடுத்தால் செத்துப்போகும். மரம் தெரிந்தவனுக்கு இது தெரியும். குந்தி உட்கார்ந்தேன். அடியில் கை வைத்தேன். மண் இளகி இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

அந்த மரத்தின் மேல் எனக்கு ஆசை. ஒவ்வொரு இலையும் நான் துடைத்தது. மண்ணில் விட்டால் அந்த அழகு ஆறு மாசத்தில் போய்விடும், மற்ற மரம் மாதிரி ஆகிவிடும். சயாமையும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நிறைய நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொன்னா நானே புடுங்கிடுறேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கையை எடுத்துவிட்டு எழுந்தேன்.

"வேர் புடிக்கட்டும்" என்றேன்.

அம்மா விடவில்லை. மறுநாள் எங்கேயோ சுவர் ஓரத்தில் இருந்து ஒரு ஆலங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து மீன் தட்டில் நட்டுவைத்தாள். மூன்று இலை. "ஒரே மாதிரிதான இருக்கு" என்றாள். அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "தொரைக்குக் கண்ணு ரெண்டும் போயிருந்தா நம்புவாரு, ஆத்தா" என்றார். மூன்றாம் நாள் அதுவும் வாடிப்போனது. அம்மா தட்டைத் தூக்கி மூலையில் போட்டாள்.

மண்ணில் இருந்தது வாடவில்லை. இருபது நாள் சும்மா இருந்தது. பிறகு துளிர்விட்டது. சின்ன இலைகள் உதிர்ந்து பெரிய இலைகள் வந்தன. அவள் தினமும் போய்ச் சாண் போட்டுப் பார்ப்பாள்.

"இன்னைக்கு ஒன்றரைச் சாண்."

"ம்."

"ம்முன்னா?"

"நல்லது."

நாலாவது மாசம் முடிந்தது. ஐந்து வந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் அம்மாவைப் பார்த்தே கேலி பேசினாள். அம்மாவும் திட்டினாள். வீடு வீடாக இருந்தது.

பங்களாவில் துரை எப்போதாவது என்னைப் பார்த்து "போகோக்?" என்பார். மரம் எப்படி என்று கேட்கிறார். "பாகுஸ்" என்பேன். நன்றாக இருக்கிறது. அது பொய் இல்லை. மரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு வேகமாகப் புல் வெட்டப் போய்விடுவேன்.

அவளுக்கு எட்டு மாசம் இருக்கும்போது துரை லயத்துக்கு வந்துவிட்டார். சாக்கடை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். கூடக் கிராணி. எல்லாரும் வாசலில் நின்று குனிந்தோம். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் நின்றார்.

"போகோக்?"

நான் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்ய? அவளும் பின்னாலேயே வந்தாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரம் என் இடுப்புக்கு வந்திருந்தது. கிளைகள் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் போயிருந்தன. துரை பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பி என்னை ஒரு அறை அறைந்தார். காதுக்குள் வண்டு கத்தியது. நான் நிமிர்ந்து நின்றேன். கிராணி இரண்டு அடி பின்னால் போய், "நான் ஒண்ணும் சொல்லலப்பா, நான் ஒண்ணும் சொல்லல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கினார். அவள் நடுவில் வந்து நின்றாள். வயிறு துரையின் சட்டையில் படுகிற மாதிரி.

ஓங்கின கை அப்படியே நின்றது.

அவள் குனியவில்லை. குனிய முடியாது. மரத்தைக் காட்டினாள். தன் வயிற்றைக் காட்டினாள். பிறகு கையைத் தரையிலிருந்து மேலே, மேலே, தலைக்கு மேலே தூக்கினாள். "பெசார்" என்றாள். பெரிசு. அவளுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். மறுபடியும் கையைத் தூக்கினாள். "பெசார்."

துரை கிராணியைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தக் கிராணி ஒழுங்காக ஒரு வேலை செய்தார். தனக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் என்ன சொல்லி வாழ்த்துவார்கள் என்பதைச் சொன்னார். கையால் அட்சதை போட்டுக் காட்டினார். முதல் பிள்ளை தங்காததையும் சொன்னார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

துரை கையை இறக்கினார். ஏதோ சொன்னார், மெதுவாக.

"என்னங்க?" என்றேன்.

கிராணி சொன்னார். "சின்னதா வச்சிருந்தா இருநூறு வருஷம்கூட இருக்குமாம். அவங்க ஊர்ல அப்படியாம். நீங்க ரெண்டு பேரும் அப்படி ரொம்ப நாள் இருக்கணும்னுதான் குடுத்தாராம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

துரை மரத்தின் முன்னால் குந்தினார். பின்பக்கக் கிளையைப் பிடித்துத் திருப்பினார். அந்த ஒரு கம்பி அங்கேயே இருந்தது. கிளை பெருத்ததில் பட்டைக்குள் இறங்கியிருந்தது. நாலு மாசமாக நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவர் நகத்தால் அதன் முனையைத் தேடி, பட்டை உரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார். கையில் பால் ஒட்டியது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் பங்களாவுக்குப் போனேன். புல்லைக் காட்டினார். வெட்டினேன். மரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

கேட்காததுதான் பயம். அம்மா என் துணி இரண்டை மூட்டையாகக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். என் சம்சாரம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பெரட்டில் லிஸ்டு வாசித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் முன்னால் போனான். என் பேர் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் பேர் வந்தது. ரசம் வைக்கலாமா என்று கேட்டவர். போகும்போதுகூட என் தோளைத் தட்டி, "உன் மரத்துக்கு எங்க வீட்டு ஆட்டுப் புழுக்கைதான்டா. மறந்துடாத" என்றார். அவர் சம்சாரம் லாரிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடியது. அவர் திரும்பி வரவில்லை. என் பேர் ஏன் இல்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டேன். அதற்கு மேல் என்னால் என்ன முடியும்.

அடைமழையில் குழந்தை பிறந்தது. பகல் பத்து மணி இருக்கும். பிரசவம் பார்த்தது அம்மாதான். நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றேன். மழைச் சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் அழுகையே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டது, பூனைக்குட்டி மாதிரி.

அம்மா கதவைத் திறந்தாள். "பொம்பளப் புள்ள. சின்னது. ஆனா உசுரு கெட்டி."

உள்ளே போனேன். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் மூடி மூடித் திறந்தது. அவள் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தாள்.

"சின்னதா இருக்குல்ல?" என்றாள்.

"வளரும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எழப் போனேன்.

"மாமா."

"என்ன?"

"முப்பது நாளைக்கு அத்தை என்னை வெளிய விடமாட்டாங்க. மரத்துக்குத் தண்ணி ஊத்தணும்."

வெளியே மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கால்வாய் நிரம்பி ஓடியது. மண்ணில் இருக்கிற ஆலமரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஊத்துறேன்" என்றேன்.

முப்பது நாளும் ஊற்றினேன். முக்கால்வாசி நாள் மழை. தலையில் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு போய் ஊற்றினேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஊற்றி முடித்ததும் வெறும் வாளியைத் தூக்கிக் காட்டுவேன். அப்புறம்தான் உள்ளே போவாள்.